புரட்டாசிக்குள்ள பட்டியில முடிக்க வேண்டிய வேலை

நம்ம ராமநாதபுரம் கடக்கரைப் பக்கம் ஆட்டுக்கு நோவு வர்றது வெயில்ல இல்ல, மழையிலதான். ஆடி, ஆவணியில சீமைக்கருவேல நெத்தைத் தின்னுட்டு எலும்பும் தோலுமா நிக்கும், ஆனா நிக்கும். ஐப்பசி பிறந்து ரெண்டு மழை விழுந்து பச்சை தெரிஞ்சதும் ஒவ்வொண்ணாச் சாயும். அதனால புரட்டாசிக்குள்ள நான் எல்லாத்தையும் முடிச்சிருவேன்.

முதல்ல குடற்புழு மருந்து. ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுத்தான் தடுப்பூசி; புழு தின்னுற உடம்புல ஊசி சரியாப் பிடிக்காது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கின அதே பாட்டிலை வாங்கி ஊத்தாதீங்க. நாலஞ்சு ஆட்டுப் புழுக்கையைப் பொட்டலம் கட்டி கால்நடை மருந்தகத்துல குடுத்தா எந்தப் புழுன்னு பாத்துச் சொல்லுவாங்க. கண்மாய் வத்துறப்போ கரையோரம் மேயுற ஆட்டுக்கு நத்தையால தட்டைப்புழு வரும், அதுக்கு மருந்து வேற. செனை ஆடுன்னா டாக்டரைக் கேக்காம எதையும் ஊத்தாதீங்க.

நடுவுல புழு ஏறியிருக்கான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. பட்டி அடைக்கும்போது கீழ் இமையைப் பெருவிரலால இழுத்துப் பாருங்க. உள்ளே செவப்பா இருந்தாச் சரி. வெளிறிக் கிடந்தா ரத்தம் உறிஞ்சுற புழு. தாடைக்குக் கீழே சாயங்காலம் நீர் கோத்துத் தொங்கும், விடிஞ்சு பாத்தா வத்தியிருக்கும். சரியாப் போச்சுன்னு மட்டும் நினைச்சிராதீங்க.

துள்ளுமாரின்னு சொல்ற குடல் நச்சு நோவுக்கு ஊசி வருஷா வருஷம். முதல் தடவை போடுற குட்டிக்கு ரெண்டு வாரம் கழிச்சு இன்னொண்ணு. இந்த நோவு கொழுத்த குட்டியாப் பாத்துத்தான் தூக்கும். ராத்திரி நல்லா இருந்தது விடியறப்போ செத்துக் கிடக்கும். புதுப் பச்சையில வெறும் வயித்தோட விடாதீங்க, கொஞ்சம் கடலைக்கொடி போட்டுட்டு பனி காஞ்சப்புறம் பத்துங்க. ஆட்டுக்கொல்லி (பி.பி.ஆர்) நோவுக்கான ஊசி 4 மாசத்துக் குட்டியில ஒண்ணு போட்டா 3 வருஷம் தாங்கும். செம்மறி வச்சிருந்தா நீலநாக்கு ஊசியும் கேளுங்க. கொசுவைவிடச் சின்னப் பூச்சி பரப்புறது அது: மூஞ்சி வீங்கும், மூக்குச் சளி காஞ்சு அடைக்கும், குளம்புக்கு மேல செவந்து நொண்டும்.

தடுப்பூசி மருந்தை ஐஸ்லதான் கொண்டு வரணும். இங்க மீன் ஐஸுக்குப் பஞ்சமில்ல. ஆனா துள்ளுமாரி மருந்து உறைஞ்சாலும் வீண், அதனால குப்பியைத் துணி சுத்தி வைங்க.

பக்ரீத்துக்கு ஏத்திட்டுப் போய் விலை படியாமத் திரும்புற கிடாயை யாரும் புது ஆடாப் பாக்குறதில்ல. நம்ம ஆடுதானேன்னு நேராப் பட்டிக்குள்ள அடைப்பாங்க. சந்தையில அது எத்தனை ஊர் ஆட்டோட மூக்கு உரசிச்சோ! 3 வாரம் தனியாக் கட்டுங்க, தண்ணித் தொட்டியும் தனி. மத்த ஆட்டுக்கெல்லாம் இரை போட்டுட்டு அதுக்குக் கடைசியாப் போடுங்க.

கால் அழுகலுக்கு மயில்துத்தத் (தாமிர உப்பு) தண்ணியில கால் முக்கலாம். செம்மறி அதைக் குடிச்சிராமப் பாத்துக்கோங்க, தாமிரம் அதுக்கு விஷம்.

திடீர்னு செத்து, மூக்கு வாயில ரத்தம் வந்திருந்தா அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோவா இருக்கலாம். தோலை உரிக்காதீங்க, கறியா விக்காதீங்க, மனுசனுக்கும் ஒட்டும். கால்நடை உதவி எண் 1962-க்குப் போன் போடுங்க. புதைக்கிறதுன்னா ஆறடி ஆழம், மேல சுண்ணாம்பு. நம்ம மணல்ல மூணடியிலயே தண்ணி ஊறும். ஈரம் தட்டினா அந்தக் குழியை மூடிட்டு, கிணத்தை விட்டு விலகி மேட்டைப் பாருங்க.