ஓட்டை போட்ட பிரேக் டிஸ்க் வாங்கும் முன்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

மச்சான் ஒருவன் ரீகண்டிஷன் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருக்கிறான். பின்னேரங்களில் திருகோணமலை உட்துறைமுக வீதியில் நிறுத்தினால் பொடியன்கள் குனிந்து சில்லுக்குள் எட்டிப்பார்ப்பார்கள். அங்கே தெரிவது சில்லோடு சுழலும் வட்ட இரும்புத் தட்டு, துருப்பிடித்த சாதாரண டிஸ்க். அதுதான் அவனுடைய கவலை. ஓட்டை போட்ட டிஸ்க் மாட்ட வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதல் படி: ஓட்டை எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்தும் கட்டைகள்தான் பாட்கள். பழைய காலத்துப் பாட்கள் அதிகம் சூடேறினால் வாயு கக்கும். அந்த வாயு பாட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் படலம் போல நின்று பிடியைக் கெடுக்கும். அது வெளியேறத்தான் ஓட்டை. போர்ஷ தன் 917 பந்தயக் காரின் பிரேக் அமைப்பை 1978 இல் 911 டர்போவுக்குக் கொண்டுவந்தபோது, ஓட்டை டிஸ்க் வீதிக் கார் ஆசைக்காரர்களின் கண்ணில் பட்டுவிட்டது.

இன்றைய பாட்களில் அந்த வாயுத் தொல்லை மிகக் குறைவு. ஓட்டையால் மழையில் முதல் பிடி சற்று வேகமாகக் கிடைக்கும், எடை கொஞ்சம் குறையும். நட்டம் என்னவென்றால், சூட்டை உள்வாங்க இருக்கும் இரும்பும் குறைகிறது, வெடிப்பும் ஓட்டை விளிம்பில்தான் தொடங்கும். ஓட்டை போட்டால் கார் சீக்கிரம் நிற்கும் என்று நினைக்காதீர்கள். ஏபிஎஸ் (சில்லு சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யும் அளவுக்கு உங்கள் பிரேக் ஏற்கெனவே பிடிக்கிறது என்றால், அதற்கு மேல் நிறுத்த வேண்டியது டயர். நிலாவெளிக்கும் கந்தளாய்க்கும் ஓடுகிற காருக்கு இது முக்கால்வாசி அழகுச் சாமான். சரி, அழகும் வேண்டியதுதான்.

இரண்டாம் படி: அளவு

கார் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஆர்எக்ஸ்-8 இலேயே முன் டிஸ்க் 303 மில்லிமீற்றரிலும் உண்டு, 323 இலும் உண்டு. சில்லைக் கழற்றி விட்டத்தையும் தடிப்பையும் நடுத்துளையையும் அளந்து எழுதுங்கள். போல்ட் ஓட்டைகள் எத்தனை, எந்த வட்டத்தில் என்பதும் வேண்டும். இந்தக் காருக்கு 5 ஓட்டை, 114.3 மில்லிமீற்றர் வட்டம். பழைய டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிப்பு ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். துருவைத் தேய்த்துவிட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி: டிஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்ப்பது

அவசரப்படக் கூடாத இடம் இது. நகத்தை ஓட்டையின் விளிம்பில் வைத்து இழுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கினால் விளிம்பைச் சரிவாகச் சீவியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நகம் தட்டி நின்றால் அந்தக் கூர் விளிம்பு பாட்டையும் அரிக்கும், நாளைக்கு வெடிப்புக்கும் வழிவிடும். அப்புறம் ஓட்டைக்குள் டோர்ச் அடியுங்கள். இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் காற்றுக்காக நிற்கும் துடுப்புகளை ஓட்டை பாதியாகத் தின்றிருந்தால் அந்த டிஸ்க் வேண்டாம்.

துடுப்புகள் நேராக இருந்தால் இடது வலது பிரச்சினை இல்லை. வளைந்திருந்தால் உண்டு. டிஸ்க்கை மாட்டி வைத்துப் பார்க்கும்போது, மேல்பாதியில் துடுப்பின் வெளிமுனை காரின் பின்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் சுழலும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து வெளியே தள்ளும். மேலே தெரியும் ஓட்டையின், கோட்டின் அழகைப் பார்த்துப் பக்கத்தைத் தீர்மானிக்காதீர்கள். அதை ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு மாதிரிப் போடும். நான் ஒருமுறை கொழும்பில் ஒரு கடையில் சோடி வாங்கி, இரவு ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, வீட்டு முற்றத்தில் பத்திரிகை விரித்துப் பிரித்தால் இரண்டுமே இடது. மாற்றித் தர அவர்கள் எடுத்த காலத்தைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும். கடையில் நின்றே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மற்றதன் கண்ணாடி விம்பம் போல இருக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கு இன்னொன்றும் தேவை: பூச்சு. உப்புக் காற்று சும்மா விடாது. நடுத்தொப்பியிலும் (டிஸ்க்கின் நடுவில் புடைத்து நிற்கும் பகுதி) துடுப்புகளுக்குள்ளும் நாகப் (சிங்க்) பூச்சோ அது போன்ற ஒன்றோ உள்ள டிஸ்க்காகப் பாருங்கள். பாட் படும் இடத்தில் பூச்சு முதல் சில பிரேக்கிலேயே போய்விடும், அது சரி.

இடையில் ஒரு எச்சரிக்கை

"புதுசா ஏன் தம்பி, இருக்கிற டிஸ்க்கில நானே ஓட்டை போட்டுத் தாறன்" என்று லேத்காரர் யாராவது சொல்வார். மரியாதையாக மறுத்துவிடுங்கள். துளைக்கருவி துடுப்பில் இறங்கும், சமநிலை கெடும், வெடிப்பு வரும். காசு மிச்சம் பிடிக்கிற இடமா பிரேக்? தேய்ந்த ஓட்டை டிஸ்க்கை லேத்தில் சீவுவதும் வேண்டாம். வெட்டும் முனை ஒவ்வொரு ஓட்டையிலும் தட்டித் தட்டிப் போகும்.

நான்காம் படி: கூடவே மாற்ற வேண்டியவை

பழைய பாட்டைப் புது டிஸ்க்கில் போடாதீர்கள். எப்போதும் ஒரு அச்சின் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் சாமான், எங்கள் கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டொட் 4 என்ற தர எண்ணெய் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 230 பாகை, ஈரம் ஏறிய பின் அந்த அளவு 155. உண்மையைச் சொன்னால், மச்சானின் பெடல் மெத்தென்று இறங்கியதற்குக் காரணம் இந்த எண்ணெய்தான், டிஸ்க் அல்ல.

ஐந்தாம் படி: மாட்டுதல்

ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், காருக்கு அடியில் தாங்கி (ஸ்டாண்ட்) வையுங்கள். முதல் தடவை என்றால் மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க் துருவில் ஒட்டியிருந்தால் சுத்தியலுக்கு முன், டிஸ்க்கில் மரை வெட்டிய இரண்டு சிறு ஓட்டைகள் இருக்கிறதா பாருங்கள். ஜப்பான் கார்களில் பெரும்பாலும் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீற்றர் போல்ட் இரண்டை மாறி மாறி முறுக்கினால் டிஸ்க் தானாகப் பிதுங்கி வரும். டிஸ்க் உட்காரும் முகத்தைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேயுங்கள். அங்கே ஒரு துருப் பொட்டு மிஞ்சினாலும் டிஸ்க் ஆடும், ஸ்டியரிங் நடுங்கும். புது டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சைப் பிரேக் கிளீனரால் துடைத்து மாட்டுங்கள்.

வீதியில் இறங்குமுன் பெடல் கெட்டியாகும்வரை பல தடவை மிதியுங்கள்.

ஆறாம் படி: புதுப் பாட்டையும் டிஸ்க்கையும் பழக்குதல்

பாட் பெட்டியில் முறை போட்டிருந்தால் அதையே செய்யுங்கள். இல்லாவிட்டால் அதிகாலையில், மாடுகள் வீதிக்கு வருமுன், நிலாவெளி வீதியில் மணிக்கு 60 கிலோமீற்றரிலிருந்து 10 வரை எட்டுப் பத்துத் தடவை சீராகக் குறையுங்கள். முழுதாக நிறுத்தாதீர்கள். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நின்றால் பாட்டின் பொருள் ஓரிடத்தில் படிந்துவிடும், பிறகு அதைத்தான் "டிஸ்க் வளைந்துவிட்டது" என்பார்கள். கடைசியில் பத்து நிமிடம் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். கருகிய மணம் வரும், பயப்பட வேண்டாம்.

பிறகு டயர் கழற்றும்போதெல்லாம் பாருங்கள். மேற்பரப்பில் மயிரிழைக் கோடுகள் வழமையானவை. ஒரு ஓட்டையிலிருந்து அடுத்ததற்கோ வெளி விளிம்புக்கோ வெடிப்பு ஓடினால் அன்றோடு அந்த டிஸ்க் முடிந்தது.

மச்சான் மாட்டிய மறுநாள் விடிய ஆறு மணிக்கே படம் அனுப்பினான்: டிஸ்க் முழுக்கச் செம்மஞ்சள் துரு. இரவு கடற்காற்றில் நின்ற கார். தெருமுனை வரை போய் இரண்டு தரம் பிரேக் பிடி என்றேன், போய்விட்டது. ஓட்டைகளுக்குள் உள்ளது போகாது. அதற்கு ஈர்க்குக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.