ரேஸ் காரில் ஸ்டீயரிங் காலத்தை (column) இறக்குவது எப்படி

பழைய மாருதி எஸ்டீமை ட்ராக்குக்குத் தயார் செய்யும்போது பக்கெட் சீட் தரையோடு இறங்கிவிடும். ஸ்டீயரிங் மட்டும் பழைய உயரத்தில் முகத்துக்கு நேரே நிற்கும். அதைத் தாங்கும் குழாய்தான் ஸ்டீயரிங் காலம்; அதனுள்ளே சுழலும் தண்டு ஷாஃப்ட். உடனே ஷாஃப்டை வெட்ட வேண்டாம். முக்கால்வாசி வண்டிகளில் பிராக்கெட்டை இறக்கினாலே போதும்.

சீட்டை முதலில் நிரந்தரமாகப் பொருத்துங்கள். ஹெல்மெட், பெல்ட்டோடு உட்கார்ந்து கையை நீட்டினால், தோள் சீட்டை விட்டு எழாமல் மணிக்கட்டு ஸ்டீயரிங் வளையத்தின் மேல்விளிம்பில் படிய வேண்டும். கிளட்சை விடும்போது முட்டி இடிக்கக் கூடாது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியென்றால் பத்து நிமிடம் காத்திருந்து, ஏர்பேக்கைக் கழற்றி, மூடி மேலே பார்க்கும்படி வையுங்கள். முன்சக்கரங்களை நேராக்கி, யுனிவர்சல் ஜாயின்டுக்கும் (ஷாஃப்டுகளைக் கோணத்தில் இணைக்கும் மூட்டு) ஷாஃப்டுக்கும் குறுக்கே பெயின்ட் கோடு போட்டுவிட்டுத் தொடங்கலாம்.

டேஷுக்குக் கீழே ஸ்டீயரிங் காலத்தைப் பிடிக்கும் பிராக்கெட்டுக்கும் பாடிக்கும் இடையே ஸ்டீல் ஸ்பேசர் (இடைவெளித் துண்டு) வைக்க வேண்டும். பிராக்கெட் கீழ்ப்பிடிப்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே இருந்தால் 15 மில்லிமீட்டர் ஸ்பேசர் ஸ்டீயரிங்கை ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் இறக்கும். ஸ்பேசர் அளவுக்கு நீளம் கூடிய 8.8 கிரேடு போல்ட் போடுங்கள். எம்8 (8 மில்லிமீட்டர் போல்ட்) என்றால் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு. வாஷர்களை அடுக்கி வைப்பது வேலையே அல்ல, ஒரு ரேஸில் தளர்ந்துவிடும். பிராக்கெட்டை 25 மில்லிமீட்டருக்கு மேல் இறக்கணும் என்றால் தனி ஸ்பேசர் வளையும். பக்கவாட்டுத் தாங்கலோடு ஒரே துண்டாக பிராக்கெட் செய்து குறுக்குக் குழாயில் பொருத்துங்கள். விபத்தில் பிராக்கெட்டை நழுவவிடும் பிளாஸ்டிக் கேப்சூல் இருந்தால் அதை வெல்டு வைத்து அடைக்காதீர்கள். ஸ்டீயரிங் காலம் சுருங்காவிட்டால் மோதலில் அது நெஞ்சுக்கு வரும்.

ஸ்டீயரிங் லாக்கைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அதன் போல்ட்டுகள் தலை முறிக்கப்பட்டவை. சென்டர் பஞ்ச்சால் ஓரத்தில் தட்டித் தட்டி இடப்பக்கமாகச் சுற்றினால் கழன்று வரும். இக்னிஷனுக்கு டாகிள் சுவிட்சும் ஸ்டார்ட் பட்டனும் போதும்.

இறக்கிய பிறகு யுனிவர்சல் ஜாயின்டின் கோணம் மாறியிருக்கும். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ஒற்றை ஜாயின்ட் 15 டிகிரியில் இருந்தால் ஸ்டீயரிங் வேகம் சுமார் 3.5 சதவீதம் ஏறி இறங்கும், கையில் தெரியாது. 30 டிகிரியில் அதே மாற்றம் 13 முதல் 15 சதவீதம். ஒரு சுற்றில் இரண்டு முறை கனத்து, இரண்டு முறை இளகும். இரண்டு ஜாயின்ட் இருந்தால் நடு ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள யோக்குகள் (ஜாயின்டின் கவை போன்ற பாகங்கள்) ஒரே தளத்தில் நிற்கணும், கோணங்களும் சமமாக இருக்கணும். அப்போது ஒன்றின் கோளாறை மற்றது சரிசெய்யும். ஒரு ஸ்ப்ளைன் (ஷாஃப்டில் உள்ள பல்) மாற்றிச் செருகினாலும் இந்த ஒழுங்கு கலைந்துவிடும். பெயின்ட் கோடு அதற்காகத்தான்.

ஷாஃப்டை நீட்டியே தீரணும் என்றால், ஒன்றுக்கொன்று முட்டவைத்து வெல்டு செய்வது தற்கொலை. லேத்தில் கடைந்த, இறுக்கமாக ஏறும் சீம்லெஸ் குழாயை உறையாகப் போடுங்கள். இருபுறமும் ஷாஃப்ட் விட்டத்தின் இரு மடங்கு உள்ளே போகணும். ஒவ்வொரு பக்கமும் 6 மில்லிமீட்டர் துளை வழியாகப் பிளக் வெல்டு, ஓரத்தில் சுற்று வெல்டு, கூடவே குறுக்கு போல்ட். தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தால் இணைப்பு நொறுங்கும். சுருங்கும் பகுதியிலும், ஜாயின்டின் ஊசி பேரிங் அருகிலும் சூடு காட்டவே கூடாது. வெல்டர் டிக் (TIG) வெல்டிங்கில் கைதேர்ந்தவரா என்று பார்த்துக் கொடுங்கள். இந்த ஒரு இடத்தில் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள்.

க்விக் ரிலீஸ் (ஸ்டீயரிங்கைச் சட்டென்று கழற்றும் அமைப்பு) போடுகிறீர்கள் என்றால் ஸ்ப்ளைன் வகையே நல்லது. மலிவான அறுகோண வகை சீக்கிரம் ஆட்டம் கொடுக்கும். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிப்படி க்விக் ரிலீஸின் வளையம் மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும், ஸ்டீயரிங்கின் அச்சு வாக்கில் இழுத்தால் கழல வேண்டும்.

முடிந்ததும் முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். எங்காவது பிடித்தால் ஜாயின்ட் பாடியில் உரசுகிறது, அல்லது யோக் ஒழுங்கு தவறியிருக்கிறது. ஷூ போட்டு மூன்று பெடலையும் மிதித்துப் பாருங்கள்; கால் ஷாஃப்டில் சிக்கக் கூடாது. முதல் ஓட்டம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி சோதித்து, தலையில் பெயின்ட் குறி வையுங்கள்.