கொழுந்துக்காரிக்குச் சிலை வைக்குமுன்

இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளிக்குச் சிலை என்றதும் விழாக்குழு முதலில் சிற்பியைத்தான் தேடும். ஆனால் ஊர் இரண்டுபடுவது பெரும்பாலும் கல்வெட்டில். திறந்து வைத்தவர் பெயர் உள்ளங்கை அகலத்தில், தொழிலாளிக்கு ஒரு வரி சுண்டுவிரல் நகமளவில் என்றால், அது யாருக்கான சிலை என்று கேட்கத்தான் செய்வார்கள்.

‘இந்தியத் தமிழர்’ என்று கல்லில் வெட்டுவதற்கு முன் யோசியுங்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானோரின் பேரப்பிள்ளைகள் அதைப் படிக்கப் போகிறார்கள். பலர் கேட்பது ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரை. ஆண்டிலும் கவனம் வேண்டும். தொழிலாளர் முதலில் வந்த ஆண்டாக 1823 என்று பொறித்து, மேலே தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணை நிறுத்துகிறார்கள். அப்போது வந்தவர்கள் கோப்பிக்கு வந்தவர்கள். கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரானதே 1867இல். மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த வழியில் செத்தவர்கள் இந்தச் சிலையில் காணாமல் போகிறார்கள்.

இனி உருவம். கூடைக் கயிறு தலையில் மடித்துப் போட்ட துணிமேல் படியும், பாரம் முதுகில் இறங்கும். இரண்டு கையாலும் பறித்துத் தோளுக்கு மேலாகப் பின்னால் போடுவார்கள். இடுப்பில் படங்கு என்ற முரட்டுத் துணி கட்டியிருக்கும். சிலையிலோ கூடை இடுப்பில், ஒரு கை காற்றில், உதட்டில் சிரிப்பு: தேயிலைப் பெட்டிப் படம்! கவ்வாத்து வெட்டும், அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்துவிடும், ஆண்களுக்கு அதில் இடமே இல்லை. தொழிற்சங்கத் தலைவர் உயரப் பீடத்தில், தொழிலாளி அவர் காலடியில் என்ற அமைப்பு இன்னும் மோசம். மற்றத் தொழிற்சங்கத்தார் அந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

வார்ப்பதற்கு முன் ஐந்தில் ஒரு பங்கு அளவில் களிமண் மாதிரி செய்து, ஞாயிற்றுக்கிழமை பிரட்டுக்களத்தில் (வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் இடத்தில்) வையுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். தோட்டத் தலைவர் பக்கத்தில் நின்றால் “நல்லாத்தான் இருக்கு” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கல்வெட்டு வாசகத்தை முழு அளவில் தாளில் எழுதி, தமிழாசிரியர் ஒருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மூன்று மொழிப் பலகையில் பிழை வருவது எப்போதும் தமிழ் வரியில்தானே.

பிரதான வீதியோரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், தோட்டக் காணி என்றால் கம்பனியிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

சீமெந்துச் சிலையில் கம்பிக்கு மேல் 40 மில்லிமீற்றராவது கொங்கிறீட் மூடியிருக்க வேண்டும். இந்த மழைக்கும் பனிக்கும் ஈரம் உள்ளே இறங்கி, கம்பி துருவேறிப் பருத்து, மேற்பூச்சு வெடிக்கும். முதலில் போவது விரல்கள். அங்கே அவ்வளவு தடிப்புக்கு வழியில்லை. விரலுக்கு மட்டுமாவது துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போடுங்கள்.