அரசியல் அறிவியலில் கைடு தேடுகிறீர்களா? ‘சிறப்புத் துறை’ என்ற ஒற்றை வரியை மட்டும் நம்பாதீர்கள்

கோவையிலோ ஈரோட்டிலோ சேலத்திலோ எம்.ஏ. அரசியல் அறிவியல் முடித்துவிட்டு பி.எச்.டி.க்குக் கைடு தேடுகிறவர்கள் முதலில் திறப்பது பல்கலைக்கழகத் துறையின் ஆசிரியர் பட்டியலைத்தான். பெயர், பதவி, அதன் கீழே ‘சிறப்புத் துறை’ என்று ஒரு வரி: இந்திய அரசியல், சர்வதேச உறவுகள், பொது நிர்வாகம், அரசியல் கோட்பாடு. அந்த வரியைப் பார்த்தே பலர் தங்கள் அடுத்த ஐந்தாறு ஆண்டுகளை முடிவு செய்துவிடுகிறார்கள். இரண்டாம் ஆண்டில் சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) எழுத உட்காரும்போதுதான், கைடுக்கும் தலைப்புக்கும் ஒட்டவில்லை என்று தெரியவருகிறது. அதற்குள் கைடை மாற்றுவது பெரும்பாடாகிவிடும்.

அந்த வரி எப்போது எழுதியது?

பெரும்பாலும் அது பேராசிரியர் வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்தது. அவருடைய சொந்த பி.எச்.டி. தலைப்பை ஒட்டியிருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் இந்திய வெளியுறவுக் கொள்கையில் பட்டம் வாங்கியவர் இன்று உள்ளாட்சி நிதியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கலாம். பட்டியலில் இன்னும் ‘சர்வதேச உறவுகள்’ என்றே இருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. யாரும் அந்த வரியைத் திருத்துவதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே இரண்டு இடங்களில் சரிபார்க்க வேண்டும். ஒன்று, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் ‘வித்வான்’ தளம். அதில் பேராசிரியரின் கட்டுரைகள் ஆண்டுவாரியாக இருக்கும். கடைசி ஐந்து ஆண்டுகளில் வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அதைவிட முக்கியமானது, இந்தியப் பல்கலைக்கழகங்களின் பி.எச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ‘சோத்கங்கா’ தளம். அங்கே கைடின் பெயரைப் போட்டுத் தேடினால் அவர் வழிகாட்டிய ஆய்வேடுகள் வரும். கடைசியாக வந்த மூன்றைத் திறந்து, முன்னுரையையும் ஆய்வுமுறை அத்தியாயத்தையும் நூற்பட்டியலையும் படியுங்கள். ஒரு மாலை நேரம் போதும்.

தலைப்பை விட முறை பொருந்துகிறதா என்று பாருங்கள். மூன்று ஆய்வேடுகளும் முந்நூறு பேரிடம் வினாத்தாள் கொடுத்துச் சதவீத அட்டவணை போட்டவையாக இருந்தால், அந்த கைடுக்குக் கைவந்தது அதுதான். நீங்கள் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பழைய கோப்புகளைப் படிக்கும் ஆய்வு செய்ய நினைத்தால், அவர் நல்லவராகவே இருந்தாலும் தனியாகத்தான் நடக்க வேண்டியிருக்கும். நூற்பட்டியலில் கடைசிப் பத்து ஆண்டுகளின் நூல்கள் எத்தனை என்றும் எண்ணிப் பாருங்கள்.

கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவது இன்னொரு தவறு. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.), தான் ஏற்கும் ஆய்விதழ்களின் ‘கேர்’ பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. எனவே இதழின் தரத்தை நீங்களேதான் எடைபோட வேண்டும். அனுப்பிய பத்தே நாளில் பணம் வாங்கிக்கொண்டு வெளியிடும் இதழில் வந்த நாற்பது கட்டுரைகளை விட, கேள்வி கேட்டுத் திருத்தி வாங்கும் இதழில் வந்த நான்கு கட்டுரைகள் மேல்.

ஊர்ப்பெயர் ஆய்வுத்துறை ஆகாது

“கொங்கு அரசியலில் ஆய்வு செய்ய வேண்டும், அதில் ஸ்பெஷலைஸ் பண்ணின கைடு யார்?” இந்தக் கேள்வியில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். கொங்கு ஓர் இடம். அந்த இடத்தில் நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே கைடின் துறை அமையும்.

நொய்யலையே எடுத்துக்கொள்வோம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு. பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை 1992இல் முடிந்தது. கொஞ்ச காலத்திலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போனது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு 2009இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது. கழிவுநீரைத் துளியும் வெளியேற்றக் கூடாது என்ற நிபந்தனையைப் பட்டறைகள் நிறைவேற்றாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

இந்த ஒரே கதைக்குள் குறைந்தது நான்கு ஆய்வுகள் இருக்கின்றன. நான்கும் வெவ்வேறு கைடுகளிடம் போக வேண்டியவை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் செய்யவேண்டியதை நீதிமன்றம் ஏன் செய்தது என்று கேட்டால் அது நீதித்துறை அரசியல். அரசமைப்புச் சட்டமும் தீர்ப்புகளும் படித்த கைடு வேண்டும். வாரியம் ஏன் செய்யவில்லை என்று கேட்டால் பொது நிர்வாகம், ஒழுங்குமுறை அமைப்புகள். ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகளால் எப்படி ஒன்றுதிரள முடிந்தது, பட்டறைக்காரர்களும் பலர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள்தானே, அந்த உறவு எங்கே அறுந்தது என்று கேட்டால், அது சாதியும் வர்க்கமும் சேர்ந்த அரசியல் பொருளாதாரம். இயக்கங்களை ஆய்வு செய்கிறவரும் பொருந்துவார். பனியன் ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் நிபந்தனைகள் உள்ளூர்ச் சூழல் கொள்கையை எப்படி மாற்றின என்று கேட்டால் உலக அரசியல் பொருளாதாரம். ‘சர்வதேச உறவுகள்’ என்ற வரியைப் பார்த்து “நமக்கு எதற்கு” என்று தள்ளிவிட்ட பேராசிரியர், ஒருவேளை இந்த நான்காவது கேள்விக்கு ஏற்றவராக இருக்கலாம்.

பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணீரும் அப்படியே. 1970இல் தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டால் கூட்டாட்சி ஆய்வாளரிடம் போங்கள். கடைமடைக்கு ஏன் தண்ணீர் வந்து சேர்வதில்லை என்று கேட்டால் பாசன நிர்வாகம் தெரிந்தவரிடம். அருந்ததியர் உள் ஒதுக்கீட்டை எடுத்தாலும் இதே பிரிவினைதான். 2009இல் 3 சதவீதம் வந்ததன் பின்னிருந்த இயக்க வரலாறு ஓர் ஆய்வு. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செல்லும் என்று சொன்னதன் சட்ட வாதம் வேறோர் ஆய்வு.

கைடைத் தேடும் முன் உங்கள் தலைப்பை ஒரே கேள்வி வாக்கியமாக எழுதுங்கள். ‘ஏன்’ அல்லது ‘எப்படி’ அதில் இருக்க வேண்டும். “திருப்பூர் மாவட்டத்தில் உள்ளாட்சி அமைப்புகள்: ஓர் ஆய்வு” என்பது கேள்வி இல்லை. அதை வைத்துக்கொண்டு எந்தச் சிறப்புத் துறையையும் பொருத்திப் பார்க்க முடியாது.

ஒரே சொல், ஊருக்கு ஊர் வேறு பொருள்

வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகத் துறைப் பக்கத்தில் ‘இந்திய அரசியல்’ என்று தேடினால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. அங்கே அமெரிக்க அரசியல் தனிப் பிரிவு. மற்ற நாடுகளின் உள்நாட்டு அரசியல் எல்லாம் ‘ஒப்பீட்டு அரசியல்’ என்ற பிரிவுக்குள் அடங்கும். தமிழ்நாட்டுத் தேர்தலையோ பஞ்சாயத்தையோ ஆய்வு செய்கிறவரும் அங்கேதான் இருப்பார். சாதிக் கட்சிகளைப் பற்றிய ஆய்வு ‘இன அடையாள அரசியல்’ என்ற தலைப்பில் கிடக்கும்.

‘அரசியல் பொருளாதாரம்’ இன்னும் ஆபத்தான சொல். நம்மூரில் அது பெரும்பாலும் வர்க்கம், நிலவுடைமை, மூலதனம் பற்றிய பேச்சு. அமெரிக்கத் துறைகள் பலவற்றில் அதே சொல் கணித மாதிரிகளையும் புள்ளியியலையும் குறிக்கும். விசைத்தறிக் கூலி உயர்வுப் போராட்டத்தைப் பற்றி எழுத நினைத்து அங்கே போனவர், முதலாண்டில் ஆட்டக் கோட்பாட்டுத் (கேம் தியரி) தேர்வு எழுதிக்கொண்டிருப்பார். ‘ஃபார்மல் தியரி’ என்பதை அரசியல் கோட்பாடு என்று நினைப்பதும் இதே வகைத் தவறு. அதில் பிளேட்டோவும் இல்லை, அம்பேத்கரும் இல்லை, சமன்பாடுகள்தான்.

சேர்க்கை முறையும் வேறு. அமெரிக்காவில் துறைக்குத்தான் விண்ணப்பம்; பாடங்களும் தகுதித் தேர்வும் முடிந்த பிறகே வழிகாட்டும் குழு அமையும். அங்குள்ள பேராசிரியரிடம் “உங்களிடம் சீட் இருக்கிறதா” என்று கேட்பதில் பொருளில்லை. பிரிட்டனில் தலைப்பும் ஆய்வுத் திட்டமும் முதலிலேயே வேண்டும். மேற்பார்வையாளர் பொருந்துகிறாரா என்பதே சேர்க்கையைத் தீர்மானிக்கும்.

தேர்தல் பற்றிப் பேசுகிறவர் எல்லாம் தேர்தல் ஆய்வாளர் அல்லர்

தொலைக்காட்சி விவாதங்களில் அடிக்கடி வருகிறவரிடம் சேர வேண்டும் என்ற ஆசை இயல்புதான். ஆனால் வாக்கு விவரங்களைக் கையாளத் தெரிந்தவரா என்பது வேறு கேள்வி. கொங்குப் பகுதியை வைத்தே அதைச் சோதித்துவிடலாம்.

2004, 2009 மக்களவைத் தேர்தல்களை அருகருகே வைத்து “இந்தத் தொகுதியில் வாக்கு இவ்வளவு சரிந்தது” என்று எழுத முடியாது. இடையில் 2008இல் தொகுதி மறுசீரமைப்பு வந்தது. கோபிசெட்டிபாளையம், திருச்செங்கோடு, ராசிபுரம், பழனி மக்களவைத் தொகுதிகள் இல்லாமல் போயின. திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பட்டியலில் வந்தன. நீலகிரி தனித் தொகுதியானது. பெயர் மாறாத தொகுதிகளிலும் எல்லை மாறியது. மாவட்டக் கணக்கிலும் இதே கண்ணி உண்டு. 1979இல் கோவையிலிருந்து பெரியார் மாவட்டம் பிரிந்தது. 1996இல் அதுவே ஈரோடு மாவட்டம் என்று பெயர் மாறியது. சேலத்திலிருந்து நாமக்கல் 1997இல் பிரிந்தது. கோவை, ஈரோடு இரண்டிலிருந்தும் பகுதிகளை எடுத்துத் திருப்பூர் மாவட்டம் 2009இல் உருவானது. 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ‘கோவை’யும் 2011இன் ‘கோவை’யும் ஒன்றல்ல.

உங்கள் தலைப்பைக் கேட்டதும் “மறுசீரமைப்பை எப்படிக் கையாளப் போகிறீர்கள்? படிவம் 20 எடுத்தீர்களா?” என்று கேட்கிறவர் தேர்தல் ஆய்வாளர். படிவம் 20 என்பது வாக்குச்சாவடி வாரியான இறுதி முடிவுத் தாள். எல்லை மாறிய இடத்தில் சாவடிகளைக் கூட்டிப் பழைய பகுதியை ஓரளவு மீட்டெடுக்க அதுதான் வழி.

துறைச் சுவருக்கு வெளியே பார்க்காமல் விடுவது

கொங்குச் சமூகத்தைப் பற்றிய முக்கியமான ஆய்வுகள் பல, அரசியல் அறிவியல் துறையிலிருந்து வந்தவை அல்ல. 1960களில் காங்கயம் பக்கம் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக் மானிடவியலாளர். திருப்பூர்ப் பின்னலாடை முதலாளிகளின் எழுச்சியை ஆராய்ந்த ஷரத் சாரி புவியியலாளர். கோவை மாவட்டக் கிராமங்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஜூடித் ஹேயர் பொருளாதார அறிஞர். உங்கள் பல்கலைக்கழகத்தில் சமூகவியலிலோ பொருளியலிலோ பொருத்தமானவர் இருந்தால், அவரை இணை கைடாகவோ ஆய்வு ஆலோசனைக் குழுவிலோ சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.

ஆனால் பட்டத்தில் எந்தப் பாடப் பெயர் அச்சாகும் என்பதைப் பதிவுக்கு முன்பே எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். உதவிப் பேராசிரியர் தேர்வில் ‘இணையான பட்டமா’ என்ற கேள்வி வந்தால், அரசியல் அறிவியலுக்கும் பொது நிர்வாகத்துக்கும் உள்ள சிறு வித்தியாசம்கூட ஆண்டுக்கணக்கில் அலையவைக்கும்.

காலியிடமும் ஓய்வு வயதும்

2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. விதிகளின்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே வழிகாட்டலாம். ஓய்வு பெற மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு, ஓய்வுக்குப் பின் 70 வயது வரை இணை கைடாக மட்டும் தொடரலாம். ஆகவே நான்கு ஆண்டில் ஓய்வு பெறுகிறவரிடம் சேர்ந்தால், ஆய்வேட்டின் கடைசிக் கட்டத்தில் முதன்மை கைடு வேறொருவராகிவிடுவார். அவர் யார், அவருடைய துறை என்ன என்று முதல் நாளே கேட்பதில் தவறில்லை. குறைந்தபட்சக் காலம் 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு.

“நம்ம ஊர்க்காரர், நம்ம ஆளு” என்று உறவுமுறை பார்த்துச் சேர்வதும் நடக்கிறது. சங்கடமான விஷயம், ஆனால் சொல்லத்தான் வேண்டும். சாதி, கட்சி, விவசாய சங்கம் போன்றவற்றை ஆய்வு செய்யும்போது, உங்கள் பார்வையின் சாய்வைச் சுட்டிக்காட்டும் கைடுதான் தேவை. இருவரும் ஒரே திண்ணையில் வளர்ந்தவர்களாக இருந்தால் இருவருக்குமே அது கண்ணில் படாமல் போகலாம்.

முதல் கடிதம்

இருபது பேராசிரியர்களுக்கு ஒரே மின்னஞ்சலை நகலெடுத்து அனுப்புவது உடனே தெரிந்துவிடும். இருநூறு சொற்களுக்குள் எழுதுங்கள். முதல் வரியில் உங்கள் ஆய்வுக் கேள்வி. அடுத்து, அவருடைய எந்தக் கட்டுரையை அல்லது அவர் வழிகாட்டிய எந்த ஆய்வேட்டைப் படித்தீர்கள், அதில் எந்த இடம் உங்கள் கேள்வியோடு தொடுகிறது என்று இரண்டு வரி. பிறகு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) நிலை: ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை உண்டா, பி.எச்.டி. தகுதி மட்டுமா? பி.எச்.டி. தகுதி மட்டும் என்றால் அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால், தேர்வு எழுதிய மாதத்தையும் குறிப்பிடுங்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: இந்த ஆண்டு புதிதாக எடுக்கிறாரா? இரண்டு பக்க ஆய்வுக் குறிப்பைத் தனிக் கோப்பாக இணையுங்கள். “மரியாதைக்குரிய ஐயா” என்று தொடங்கும் முன், அவர் அம்மாவா ஐயாவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதோடு, அவரிடம் இப்போது ஆய்வு செய்யும் ஒருவரைச் சந்தித்து, சினாப்சிஸ் கொடுத்தால் திருத்தி வர எத்தனை நாள் ஆகிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.