முட்டிச் சில்லு ஆபரேஷனுக்குப் பிறகு: வலி போனதும் செய்கிற தவறுகள்

முழங்கால் சில்லு வெளிப்பக்கம் நழுவாமல் இழுத்துப் பிடிப்பது உட்புற ஜவ்வு. அது கிழிந்தால், பெரும்பாலும் பின்தொடைத் தசைநாரை எடுத்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். அந்த நார் எலும்போடு ஒட்டி முறுக்கேறப் பல மாதம் ஆகும். வலியோ அதற்கு வெகுமுன்பே அடங்கிவிடும். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

நாள்கணக்கை மட்டும் பார்த்து ஊன்றுகோலை விடாதீர்கள். மல்லாந்து படுத்து, முட்டியை நேராக வைத்துக் காலை ஒரு சாண் தூக்குங்கள். தூக்கும்போது முட்டி தொய்ந்தால் முன்தொடைத் தசை இன்னும் தேறவில்லை. மூட்டில் கொஞ்சம் நீர் தேங்கினாலே அந்தத் தசை தானாக அடங்கிப்போகும். அதனால் வீக்கத்தோடு பயிற்சியைக் கூட்டுவது வீண். திருப்பூர்ப் பக்கம் இன்ச் டேப் இல்லாத வீடு ஏது? சில்லின் நடுவில் காலையும் மாலையும் சுற்றளவு பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் கூடினால் மறுநாள் வேலையைக் குறையுங்கள். பயந்து மடக்காமலே வைத்திருந்தாலும் மூட்டு இறுகிவிடும். டாக்டர் சொன்ன அளவுக்குத் தினமும் மடக்கியே ஆக வேண்டும்.

சென்னிமலை முருகன் கோயிலுக்கு 1,320 படி. நேர்த்திக்கடன் இருந்தாலும் இப்போதைக்கு வண்டியிலேயே மேலே போங்க. ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து: மடங்கிய ஒற்றைக்கால் உடம்பு மொத்தத்தையும் தாங்கி மெதுவாக இறக்க வேண்டும். குத்தவைத்துப் பால் கறப்பதும் சில்லை அழுத்தும், முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். பவானி ஜமக்காளத் தறிக்குழியிலிருந்து எழும்போது, பாதத்தை ஊன்றியபடி இடுப்பைத் திருப்பாதீர்கள். சில்லு முதலில் நழுவியதே பலருக்கும் அந்தத் திருகலில்தான்.

கபடியிலும் அதே திருகல்தான், வேகம் மட்டும் அதிகம். அதனால் அது கடைசி. ஓடத் தொடங்கும் முன், கண்ணாடி எதிரே 20 சென்டிமீட்டர் பலகையிலிருந்து ஒற்றைக்காலில் இறங்கிப் பாருங்கள். முட்டி உள்ளே சாய்ந்தால் இடுப்புத் தசைக்கும் பயிற்சி பாக்கி. ஒற்றைக்கால் தாவலில், நல்ல கால் எட்டும் தூரத்தில் 90 சதவீதமாவது ஆபரேஷன் செய்த காலுக்கும் வர வேண்டும். பெரும்பாலோருக்கு இதற்கே 6 முதல் 9 மாதம் ஆகும்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு உருவவே கூடாது. ரத்தம் உறைந்திருக்கலாம்; அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்க.