வேலூரில் தினமும் டபுள்ஸ் போகிறவர் பைக் வாங்குவது எப்படி? முதல் வண்டி வாங்குவோருக்கான செய்முறை

எங்கள் அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். கணியம்பாடியிலிருந்து மாதம் ஒருமுறை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். முதன்முதலில் பைக் வாங்கியபோது நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. முன் சீட்டும் பின் சீட்டும் தனித்தனியாக, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும் வண்டி. எனக்குப் பிடித்திருந்தது, வாங்கிவிட்டேன். அம்மா அதில் ஏற வேண்டுமென்றால் வாசல் திண்ணையை ஒட்டி வண்டியை நிறுத்த வேண்டும். ஏறிவிடுவார். ஆஸ்பத்திரி வாசலில் திண்ணைக்கு எங்கே போவது? மூன்றாவது மாதம், "நீ வேலைக்குப் போப்பா, நான் பஸ்ஸிலேயே போய்க்கிறேன்" என்றார். புது வண்டி வீட்டில் நின்றது, அம்மா பஸ்ஸுக்கு நின்றார்.

அந்த வருத்தத்தில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். பின்னால் ஆள் ஏற்றப்போகிற வண்டி என்றால், அந்த ஆளை வைத்துத்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓட்டுபவர் எப்படியாவது பழகிக்கொள்வார். பின்னால் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பாரும் இல்லை, பிரேக்கும் இல்லை.

படி 1: ஒரு வாரக் கணக்கு எழுதுங்கள்

ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு தாளில் ஏழு நாளையும் எழுதுங்கள். எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், தனியாகவா டபுள்ஸா, பின்னால் யார், கையில் என்ன சுமை. இவ்வளவு போதும்.

உதாரணமாக, காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி வேலூருக்கு வந்து போகிறவரின் கணக்கு வேறு. சத்துவாச்சாரியிலிருந்து நெடுஞ்சாலை ஏறி ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவரின் கணக்கு வேறு. முன்னவருக்குத் தூரம் குறைவு, நெரிசல் அதிகம். பின்னவருக்கு ஒருவழிக்கே இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர், பக்கத்தில் லாரியும் பஸ்ஸும் சீறிக்கொண்டு போகும்.

எடையையும் கூட்டிப் பாருங்கள். நீங்கள் 70 கிலோ, பின்னால் இருப்பவர் 55, பையும் டிபன் கேரியரும் 8 என்றால் 133 கிலோ ஆகிவிட்டது. ஸ்பிளெண்டர் பிளஸ் வண்டியின் எடையே 112 கிலோதான். அதாவது வண்டியை விட அதிகமான பாரத்தை அது தூக்கப்போகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று அதனுடன் வரும் கையேட்டில் போட்டிருப்பார்கள். வாங்கும் முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள்.

படி 2: எத்தனை சிசி?

"மைலேஜ் எவ்வளவு?" என்பதுதான் நம் ஊரில் முதல் கேள்வி. டபுள்ஸ் போகிறவர் அதற்கு முன் இழுவையைக் கேட்க வேண்டும். பிரவுச்சரில் டார்க் என்று போட்டிருப்பது அதைத்தான். 100 சிசி வண்டிகளில் சுமார் 8 நியூட்டன் மீட்டர், 125 சிசியில் சுமார் 11, 160 சிசியில் 14-ஐ ஒட்டி இருக்கும். இரண்டு பேரோடு மேட்டில் ஏறும்போதும், சர்வீஸ் ரோட்டிலிருந்து நெடுஞ்சாலையில் சேரும்போதும் இந்த எண்ணின் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

வேலூர் டவுன் பெரும்பாலும் சமதரை. ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர், வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் ஆள் ஏற்றுகிறவர், 100 சிசி வாங்கினால் போதும். தினமும் டபுள்ஸ் என்றால் 125. இது என் உறுதியான கருத்து. 100 சிசியில் தினமும் இரண்டு பேர் போனால் காட்பாடி ரயில்வே மேம்பாலம் மாதிரி ஏற்றத்தில் கியரைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், எஞ்சினை முறுக்கி ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டினால் பிரவுச்சரில் போட்ட மைலேஜும் வராது.

150, 160 சிசி யாருக்கு? வாரத்தில் பல நாள் நெடுஞ்சாலையில் டபுள்ஸ் போகிறவருக்கு, குடியாத்தம், ஆம்பூர் என்று அடிக்கடி சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவருக்கு, ஜவ்வாது மலைப் பக்கம் ஏறுகிறவருக்கு. மற்றவர்களுக்கு அந்தக் கூடுதல் எடையும் விலையும் தேவையில்லை. யூனிகார்ன் போன்ற வண்டி 140 கிலோவை ஒட்டி வரும். குறுகலான சந்தில் பின்னால் தள்ளித் திருப்பும்போது அந்த எடை தெரியும்.

படி 3: சீட். இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள்

பின்னால் உட்காரப்போகிறவரைக் கட்டாயம் ஷோரூமுக்குக் கூட்டிப் போங்கள். அம்மாவோ மனைவியோ அப்பாவோ, அவர் வழக்கமாக எந்த உடையில் வருவாரோ அதே உடையில் வரட்டும். சேலை கட்டுகிறவர் சேலையிலேயே வர வேண்டும்.

பிரவுச்சரில் இருக்கும் சீட் உயரம் ஓட்டுபவரின் சீட் உயரம் மட்டுமே. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்பிளெண்டர் பிளஸ் 785 மி.மீ., ஹோண்டா ஷைன் 125-இல் 791 மி.மீ., டிவிஎஸ் ரைடர் 780 மி.மீ. எண்ணை மட்டும் பார்த்தால் ரைடர்தான் தாழ்வு. ஆனால் அதன் ஸ்பிளிட் சீட் மாடலில், அதாவது முன் சீட்டும் பின் சீட்டும் தனித்தனியாக உள்ள மாடலில், பின் சீட் ஒரு படி மேலே இருக்கும். காலைத் தூக்கிப் போட்டு ஏறும் இளவட்டங்களுக்கு அது சௌகரியம்தான். முழங்கால் வலிக்காரருக்கு நீளமான ஒற்றை சீட்தான் சரி. அதனால் டேப் ஒன்று கொண்டுபோய்ப் பின் சீட்டின் உயரத்தைத் தரையிலிருந்து நீங்களே அளந்துவிடுங்கள். வீட்டில் அவர் சிரமமில்லாமல் உட்கார்ந்து எழும் கட்டிலோ நாற்காலியோ எவ்வளவு உயரம் என்றும் அளந்து வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் எழுதினால் நிலைமை புரியும்.

அப்புறம் ஏறச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் உட்கார்ந்து இரண்டு காலையும் ஊன்றி வண்டியைப் பிடித்திருக்க, அவர் உதவி இல்லாமல் ஏற முடிகிறதா? உங்கள் தோளை எவ்வளவு அழுத்துகிறார்? இறங்கும்போது எந்தக் கால் முதலில் தரையைத் தொடுகிறது? மூன்று முறை ஏறி இறங்கட்டும். முதல் முறை எல்லோரும் பரவாயில்லை என்பார்கள். மூன்றாவது முறை முகத்தைப் பாருங்கள்.

ஏறிய பின் பத்து நிமிடம் அப்படியே உட்காரட்டும். சேல்ஸ்மேன் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் அவருடைய கால் ஃபுட்ரெஸ்ட்டில் முழுதாகப் பதிகிறதா என்று பாருங்கள். முழங்கால் மிகவும் மடங்கியிருந்தால் பாகாயம் போவதற்குள் வலிக்கும். பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்க வேண்டும், அது கைக்கு எட்ட வேண்டும். சில மாடல்களில் கம்பி அழகாக வளைந்து பின்னால் போய்விடும், சின்ன உருவம் உள்ளவர் கையைப் பின்னுக்கு முறுக்கித்தான் பிடிக்க முடியும்.

இனி சாரி கார்டு. பின்சக்கரத்தின் இடப்பக்கம் வரும் அந்தக் கம்பித் தடுப்பை வெறும் அலங்காரம் என்று நினைத்துக் கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து செய்யாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் விதி 123 இதற்காகவே இருக்கிறது. பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், உடை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு, இந்த மூன்றும் வண்டியில் இருந்தாக வேண்டும். முந்தானையோ துப்பட்டாவோ ஆரக்கம்பியில் ஒரு சுற்று சுற்றினால் போதும், ஓடுகிற வண்டியிலிருந்து ஆளை இழுத்துக் கீழே போட்டுவிடும். கார்டு இருந்தாலும் முந்தானையை இடுப்பில் செருகிய பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில், "செருகியாச்சு" என்று அம்மா சொன்ன பிறகுதான் நான் கியர் போடுகிறேன்.

ஒரு பக்கமாக உட்காருவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரு பக்கமும் கால் போட்டு உட்காருவதுதான் பாதுகாப்பு. ஒரு பக்கமாக உட்கார்ந்தால் எடை முழுவதும் இடப்பக்கம் சாயும், திடீர் பிரேக்கில் பிடிப்பும் இருக்காது. முடிந்தவர்கள் சுடிதாருக்கு மாறிக்கொள்ளலாம். மாற முடியாத அம்மாக்களும் பாட்டிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சாரி கார்டோடு சேர்ந்து வரும் கால் பலகை அகலமாக இருக்கிறதா, இரண்டு பாதமும் அதில் நிற்கிறதா என்று பாருங்கள்.

படி 4: பிரேக்கும் டயரும்

பாரம் கூடினால் வண்டி நிற்க எடுக்கும் தூரமும் கூடும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான வண்டிகளில் குறைந்தபட்சம் சிபிஎஸ், அதற்கு மேற்பட்டவற்றில் ஏபிஎஸ் என்பது கட்டாயமாகிவிட்டது. சிபிஎஸ் என்றால், காலால் பின்பிரேக்கை மிதிக்கும்போது முன்பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். ஏபிஎஸ் என்றால், அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காது.

ஒரே மாடலில் ட்ரம், டிஸ்க் என்று இரண்டு வகை இருந்தால் முன்சக்கரத்துக்கு டிஸ்க் வாங்குங்கள். வேறு எதில் வேண்டுமானாலும் காசை மிச்சம் பிடிக்கலாம், இதில் வேண்டாம். டயர் ட்யூப்லெஸ்ஸாக இருக்கட்டும். ஆணி ஏறினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், பஞ்சர் கடை வரை போய்ச் சேரலாம்.

படி 5: டபுள்ஸில் டெஸ்ட் ரைட்

ஷோரூம் வாசலில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். லைசென்ஸைக் காட்டி, இரண்டு பேரும் ஹெல்மெட் போட்டு, டபுள்ஸில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு கடையில் எனக்குத் தனியாக ஓட்டத்தான் வண்டி தருவோம் என்றார்கள். நான் அடுத்த கடைக்குப் போய்விட்டேன்.

ஓட்டும்போது இவற்றைக் கவனியுங்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முன்பக்கம் லேசாகித் தூக்குவது போல் இருக்கிறதா? கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஊர்வது போல மெதுவாகப் போகும்போது பாலன்ஸ் வருகிறதா? நிறுத்தினால் உங்கள் இரண்டு பாதமும் நன்றாக ஊன்றுகிறதா? பின்னால் ஆள் இருக்கும்போது நுனிக்கால் போதாது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது ஷாக் அப்சார்பர் 'டக்' என்று அடிமட்டம் தட்டினால், அடி வாங்குவது பின்னால் இருப்பவரின் இடுப்பு. திரும்பி வந்ததும் முதல் கேள்வியை அவரிடம் கேளுங்கள்.

முடிந்தால் மதிய வெயிலில் ஓட்டிப் பாருங்கள். நம் ஊர் மே மாத வெயிலில் நெரிசலில் நின்றால் எஞ்சின் சூடு காலில் அடிக்கும். சைலன்சரின் தடுப்புத் தகடு பின்னால் இருப்பவரின் கால் படும் இடத்தை முழுதாக மூடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

படி 6: விலை

வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையை எழுத்தில் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழைய விலையை மனதில் வைத்திருந்தால் மறுபடி விசாரியுங்கள். புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம், அந்தத் தொகை விலையில் சேர்ந்திருக்கும். அலங்காரச் சாமான்களை ஒரு பொட்டலமாகக் கட்டி விலையில் சேர்த்திருந்தால் ஒவ்வொன்றாகக் கேட்டு, வேண்டாததை எடுக்கச் சொல்லுங்கள். அதில் மிச்சமாகும் பணத்தில் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள இரண்டாவது ஹெல்மெட் வாங்கிவிடலாம்.

படி 7: வண்டி வீட்டுக்கு வந்த பிறகு

எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) மட்டும் இருக்கும்போது ஆள் ஏற்றக் கூடாது. பின்னால் லைசென்ஸ் உள்ள, உங்களுக்குக் கற்றுக்கொடுப்பவர் மட்டும் உட்காரலாம். லைசென்ஸ் வந்த பிறகும் முதல் சில நாட்கள் வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து, ஊரோரம் காலி ரோட்டில் பழகுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 128-இன்படி பின்னால் ஒருவர்தான். நடுவில் குழந்தையை வைத்து மூன்று பேர் போவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது, ஆனால் அது தவறு, ஆபத்தும் கூட. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தையை ஏற்றினால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் குழந்தைக்கேற்ற ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது.

டயர் காற்றுக்குத் தனி அளவு, டபுள்ஸ் அளவு என்று இரண்டு உண்டு. வண்டியிலேயே ஸ்டிக்கரில் இருக்கும், இல்லாவிட்டால் கையேட்டில் இருக்கும். பின்டயருக்குத்தான் வித்தியாசம் அதிகம். பங்கில் பையன், "எவ்வளவு அண்ணா?" என்று கேட்கும்போது டபுள்ஸ் அளவைச் சொல்லுங்கள். பின் ஷாக் அப்சார்பரின் அடியில் படிப்படியாகத் திருப்பும் வளையம் இருக்கும். தினமும் இரண்டு பேர் போனால் அதை ஒன்றிரண்டு படி கெட்டியாக்கச் சொல்லுங்கள், மெக்கானிக்குக்கு இரண்டு நிமிட வேலை. இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் உள்ள வண்டி என்றால் இரண்டும் ஒரே படியில் இருக்க வேண்டும்.

நான் இரண்டாவதாக வாங்கியது நீளமான ஒற்றை சீட் உள்ள 125 சிசி வண்டி. முதல் சர்வீஸுக்கு விடும் முன் அம்மாவிடம் ஏதாவது குறை இருக்கிறதா என்று கேட்டேன். "இடது பக்கம் கீழே ஏதோ கீச்சுனு கேக்குது, மேட்டுல ஏறும்போது மட்டும்" என்றார். ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டதே இல்லை. சர்வீஸில் பார்த்தபோது சாரி கார்டின் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. அன்றிலிருந்து சர்வீஸுக்குக் கொடுக்கும் குறைப் பட்டியலில் முதல் வரி அம்மா சொல்வதுதான்.