மலையை மத்தியானத்துக்கு வைக்காதீர்கள்: ஜெராயைச் சுற்றக் கிளம்பும் குடும்பங்களுக்கு

பள்ளி விடுமுறை தொடங்கும் வாரத்தில் என் கைப்பேசிக்கு ஓய்வே இருப்பதில்லை. மற்ற நாட்களில் மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்கைச் சுற்றியுள்ள தோட்டத்துப் பிள்ளைகளை என் வேனில் பள்ளிக்கு ஏற்றிச் செல்கிறேன். விடுமுறையில் அதே வேனில் குடும்பங்களை ஜெராய் மலைப் பக்கம் கூட்டிப்போகிறேன். சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் வேன் கேட்பதில்லை, வழி கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தபடியே போகிறார்கள். அந்தக் காலத்தில் நாங்கள் செய்த கூத்துகளையே வரிசை மாறாமல் செய்துவிட்டும் வருகிறார்கள்.

மலையைச் சுற்றும் வழி எளிது. பீடோங்கில் கிளம்பி குருண், குவார் செம்பெடாக், யான், சிங்கிர், மெர்போக், செமிலிங் வழியாக மறுபடியும் பீடோங். சுற்று முழுவதும் நூறு கிலோமீட்டரைக்கூடத் தொடாது. இந்தக் குறைந்த தூரம்தான் ஆளை ஏமாற்றுகிறது. பக்கத்தில்தானே என்று பத்து மணிவரை வீட்டில் உட்கார்ந்திருக்க வைப்பதும் இதுதான். ஸ்பேர் டயர், குடிநீர், குழந்தைக்கு மாற்றுத்துணி எல்லாம் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடைசியாக மலை ஏறலாம் என்று திட்டம் போடுவது

எனக்கு இன்றுவரை எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். காலையில் கோயில். அங்கிருந்து யாராவது உறவினர் வீடு. அங்கேயே சாப்பாடு, கொஞ்சம் சாய்வு. மூன்று மணிக்கு மலை. சாயங்காலம் வெயில் தாழ்ந்திருக்கும், மேலே குளுகுளுவென்று இருக்கும் என்பது இவர்கள் போடும் கணக்கு. அந்தக் கணக்கில் எல்லோரையும் சேர்த்துவிட்டு மலையை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

ஜெராயின் உயரம் 1,217 மீட்டர். உயரத்தைவிட அது நிற்கும் இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். எந்த மலைத்தொடரோடும் ஒட்டாமல், கடலோரச் சமவெளியில் தன்னந்தனியாக நிற்கிறது. மேற்கே சில கிலோமீட்டரில் மலாக்கா நீரிணை. வெயில் ஏறி நிலம் சூடானதும் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. அது மோதுவது இந்த மலையில்தான். மோதிய காற்று மேலேறிக் குளிர்ந்து மேகமாகிறது. காலை எட்டு மணிக்கு மேலே நின்றால் யானின் வயல்வெளியும் பூலாவ் புந்திங் தீவும் கடலும் தெரியும். பகல் பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் வெள்ளைத் திரைதான். ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் அந்தத் திரைக்குப் பின்னால் மழையும் காத்திருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் வானம் கொஞ்சம் இரக்கம் காட்டும்.

காட்சி போனால் போகட்டும். என் கவலையெல்லாம் இறங்கும் சாலையைப் பற்றியது. குருணுக்கு அருகில் அடிவாரத்தில் தொடங்கும் அந்தச் சாலை ஏறத்தாழ 13 கிலோமீட்டர். குறுகலானது, வளைவுக்கு மேல் வளைவு. மழையில் பாசியும் இலையும் சேர்ந்து வழுக்கும். மேகம் இறங்கிவிட்டால் எதிரே வரும் வண்டியின் விளக்குகூடக் கடைசி நொடியில்தான் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பம் ஒன்று இப்படித்தான் போனது. ஏழு பேர் உட்காரும் வண்டி. ஏறியவர்களை எண்ணினால் ஏழோடு நிற்காது, மடியில் இருந்தவை தனி. ஓட்டியது லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகாத பேரன். மூன்றரைக்கு மேலே போனார்கள், ஒன்றும் தெரியவில்லை, மழை பிடித்துக்கொண்டது, பாட்டிக்குக் குளிர் தாங்கவில்லை. இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம் என்று அவசரமாகக் கிளம்பினார்கள். பாதி வழியில் எனக்குத் தொலைபேசி வந்தது. “மாமா, பிரேக்கை மிதித்தால் உள்ளே போகிறது, வண்டி நிற்கவில்லை” என்றான். பிறகு எப்படி நிறுத்தினாய் என்றேன். வடிகாலில் ஒரு சக்கரத்தை இறக்கி, மலைச்சுவரில் உரசி நிறுத்தியிருக்கிறான். மலைப்பக்கமாகத் திருப்ப வேண்டும் என்ற புத்தி அந்த நேரத்தில் வந்ததே, அதற்காக அவனைத் திட்டாமல் விட்டேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் அவன் சித்தப்பா இன்னொரு காரியம் செய்துவிட்டிருந்தார். சக்கரத்திலிருந்து புகை வருகிறது என்று மினரல் வாட்டர் பாட்டில்களைத் திறந்து அதன்மேல் ஊற்றியிருந்தார். பழுக்கக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் விட்டால் என்ன ஆகும் என்று வீட்டுப் பெண்களில் ஒருவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். பிரேக் தட்டு கோணிக்கொண்டது. இழுவை லாரி, தட்டு, பட்டை, பக்கவாட்டுத் தகரம் என்று பட்டறைக்குப் போன பணத்தில் அந்தக் குடும்பம் லங்காவியில் இரண்டு இரவு தங்கியிருக்கலாம்.

பிரேக் ஏன் போனது? அவன் ஆட்டோ கியரை ‘டி’யில் வைத்துவிட்டு, மேலிருந்து கீழ்வரை பெடலை லேசாக அழுத்திக்கொண்டே வந்திருக்கிறான். லேசாகத்தானே அழுத்தினேன் என்பது அவன் வாதம். அந்த லேசான அழுத்தம்தான் ஆபத்து. பிரேக் பட்டை தட்டை விடாமல் உரசிக்கொண்டே இருந்தால் சூடு வெளியேற நேரமே கிடைக்காது. அந்தச் சூடு பிரேக் எண்ணெய்க்குப் போகிறது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் எண்ணெய். ஈரம் ஏறிய பிறகு தாங்க வேண்டிய குறைந்த அளவே 140 டிகிரிதான். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி சேர்கிறது. ஆவியை அழுத்தினால் சுருங்கும், எண்ணெயைப் போல அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகாது. அதனால்தான் பெடல் தரைவரை போகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். ஆட்டோ காரில் ‘எல்’, ‘2’, ‘எஸ்’, ‘பி’ என்று வண்டிக்கு வண்டி எழுத்து மாறும். உங்கள் வண்டியில் எது என்பதை வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் உறுமும், பயப்பட வேண்டாம். அது வண்டியைப் பிடித்து இழுக்கும் சத்தம். வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், உடனே முழுவதுமாக விட்டுவிடுங்கள். கருகிய வாடை வந்தால் சமமான இடம் பார்த்து ஒதுங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் சும்மா இருங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க ‘நியூட்ரலில்’ உருட்டிக்கொண்டு வரும் மகா புத்திசாலிகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இத்தனையையும் நன்றாகத் தெரிந்த ஓட்டுநர்கூட, மழையில், மேகத்தில், பின்னிருக்கையில் குழந்தை அழ, மாலை ஐந்து மணிக்கு இறங்கினால் தடுமாறுவார். அதனால்தான் முதலில் மலை என்கிறேன். ஆறரைக்குப் பீடோங்கை விடுங்கள். எட்டுக்குள் மேலே இருந்து, பத்தரைக்குள் காய்ந்த சாலையில் இறங்கிவிடுங்கள். கோயிலுக்கு முந்திய நாள் மாலையிலேயே போய்வரலாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

வெயில் அடிக்கிறதே என்று அருவியில் இறங்குவது

மெர்போக் பக்கம் துப்பா, யான் பக்கம் தித்தி ஹாயுன், செரி பெரிகி. எல்லாம் இந்த மலையிலிருந்து இறங்கும் தண்ணீர். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் காயலாம், அதே நேரத்தில் உச்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். அந்த மழை பாறைச் சரிவில் கூடி ஒரே வீச்சாக வருவதைத்தான் இங்கே எல்லோரும் கெப்பாலா ஆயர் என்று சொல்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராயில் பெய்த மழை மரங்களையும் பாறைகளையும் சேர்த்து உருட்டிக்கொண்டு யான், மெர்போக் பக்கங்களில் இறங்கியது. உயிர்களும் போயின. அது வேலை நாள், ஒரு புதன்கிழமை. கூட்டமான விடுமுறை நாளில் அது வந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கவே நான் விரும்புவதில்லை.

தெளிந்த நீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், மேலே இரைச்சல் கூடினால், அந்த நொடியே கரையேறுங்கள். செருப்பு, பாய், சாம்பார் வாளி எதையும் எடுக்கத் திரும்பாதீர்கள். பிற்பகலில் மலை உச்சி மேகத்தில் மறைந்திருந்தால் குளியலே வேண்டாம். பிள்ளைகள் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

ஏறுவதற்கு முன் நாசி லெமாக்

அந்தத் தேங்காய்ப்பால் சோற்றை இறங்கிய பிறகு சாப்பிடுங்கள். வேனைக் கழுவுகிறவன் சொல்கிறேன்.

அருங்காட்சியகத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவது

காரில் ஏறியதிலிருந்து பெரியவர் ஒருவர் ராஜேந்திர சோழனைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவார். 1025-இல் கப்பற்படை வந்தது, கடாரம் கொண்டான் என்று பட்டம், அந்தக் கடாரம் நம் கெடாதான் என்று மூச்சுவிடாமல் சொல்வார். மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் வந்ததும் கழிவறைக்குப் போய்விட்டு, கிளம்பலாமா என்பார். பேச்சு ஒரு மணி நேரம், பார்வை பத்து நிமிடம்.

அந்த வளாகத்திலேயே, மலையின் தென்சரிவில், ஓடையை ஒட்டி புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல் அடித்தளம் இருக்கிறது. ஆங்கிலேயத் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் 1930-களில் அகழ்ந்த இடங்களில் ஒன்று அது. தூண் நிறுத்திய கற்களின் குழிகளைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். செமிலிங் பக்கம் சுங்கை பத்துவில், செம்பனைத் தோட்டமாக இருந்த நிலத்தில், 2009 முதல் நடந்த அகழ்வில் இரும்பு உருக்கிய உலைகளின் மிச்சங்கள் வெளிவந்தன. வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிகளுக்குத் தூரத்திலிருந்தே கண்ணில் பட்ட அடையாளம் இந்த மலை. காலையில் மேலிருந்து கடலைப் பார்த்த பிள்ளைக்கு இது தானாகவே விளங்கும். மலை முதலில் என்பதற்கு இது இன்னொரு காரணம். மழை பிடிக்கும் பிற்பகலில் கூரைக்குக் கீழே நிற்கவும் அருங்காட்சியகம்தான் வசதி. ஒன்றரை மணி நேரமாவது கொடுங்கள்.

பிளாஸ்டிக் பையோடு காரைவிட்டு இறங்குவது

குரங்குக்குத் தெரியும் அதில் என்ன இருக்கிறது என்று.

எதிர்க்கரையும் இன்றைக்கே என்பது

மீனவர் ஊரான தஞ்சோங் டாவாயில் நெத்திலி வாங்கும்போது எதிரே பந்தாய் மெர்டேக்கா கடற்கரை தெரியும். இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, அங்கேயும் ஓர் எட்டு போய்விடலாம் என்று யாராவது தொடங்குவார்கள். நடுவில் கிடப்பது மெர்போக் ஆற்றின் முகத்துவாரம். காரில் போக வேண்டுமென்றால் உள்ளே திரும்பி ஆற்றையே சுற்ற வேண்டும். இன்னொரு நாள் போங்கள்.

பினாங்கு உறவினரோடு சனிக்கிழமை கிளம்புவது

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கிலும் பேராக்கிலும் சனியும் ஞாயிறும். இரு தரப்புக்கும் பொதுவாக விழுவது சனிக்கிழமை மட்டும்தான். அந்த நாளில் இரு பக்கத்துக் கூட்டமும் ஒரே குறுகலான சாலையில் ஏறுகிறது. எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்கி ஒதுங்கியே காலை கரைந்துவிடும். வெள்ளிக்கிழமை போனால் நடுப்பகலில் யான் பக்கத்துக் கடைகள் தொழுகைக்காக மூடியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். பன்னிரண்டுக்குள் சாப்பிட்டுவிடுங்கள், அல்லது மூன்று மணிவரை பிஸ்கட். நோன்பு மாதத்தில் பகல் முழுவதும் அதே கதைதான், வீட்டிலிருந்தே புளிச்சாதம் கட்டிக்கொள்ளுங்கள். உறவினருக்கு விடுப்பு எடுக்க முடிந்தால் ஞாயிற்றுக்கிழமையைவிடத் திங்கட்கிழமை நல்லது. மலைச்சாலை திறந்திருக்கிறதா என்று முந்திய நாளே குருணில் யாரிடமாவது கேட்டுவிடுங்கள். மண் சரிந்தால் அதை மூடிவிடுவார்கள், அடிவாரம்வரை போய்த் திரும்பி வருவதில் யாருக்கும் லாபம் இல்லை.